இதயம் எழுதும் கோடுகள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

நம் உடலில் ஓய்வு என்பதையே அறியாத உறுப்பு ஒன்று உண்டு. அதுவே இதயம். கண்கள் இரவில் மூடிக்கொள்கின்றன; கைகால்கள் உறங்குகின்றன. ஆனால் தாயின் வயிற்றில் சில வாரக் கருவாக இருந்தபோதே துடிக்கத் தொடங்கிய இதயம், நம் இறுதி மூச்சு வரை துடித்துக்கொண்டே இருக்கிறது. நிமிடத்திற்கு 72 முறை என்று கணக்கிட்டால், ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கும் மேல் அது துடிக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. இவ்வளவு வேலை செய்யும் இவ்வுறுப்பு நம் மூடிய கைமுட்டியின் அளவே உடையது என்பது வியப்பிற்குரியது அல்லவா?

இந்த உழைப்பாளி நலமாக இருக்கிறதா என்று அறிய மருத்துவர் முதலில் எடுத்துப் பார்ப்பது ஈ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைபடம். நம்மில் பலர் வீட்டு அலமாரியில், எக்ஸ்ரே படங்களோடு, கட்டம் போட்ட அந்த நீளத் தாளும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். "ஈ.சி.ஜி. நார்மல்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அன்றிரவே வடையும் பாயசமும் இலைக்கு வந்துவிடும்! அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அது சொல்லாததை நமக்கு வேறு எது சொல்லும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதயத்திற்குள் ஒரு மின்நிலையம்

இதயத்தில் மேலே இரண்டு ஆரிக்கிள்களும் கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் உள்ளன என்று நாம் உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். வலது ஆரிக்கிளின் மேற்பகுதியில் சைனஸ் கணு என்னும் சிறிய திசுத் தொகுதி உள்ளது. இதுவே இதயத்தின் மின்நிலையம். இங்கே தோன்றும் மெல்லிய மின்தூண்டல் முதலில் ஆரிக்கிள்கள் இரண்டிலும் பரவுகிறது. பிறகு நடுவில் உள்ள மற்றொரு கணுவில் ஏறக்குறைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கிறது. ஏன் இந்தத் தாமதம்? மேலறைகள் தம்மிடமுள்ள இரத்தத்தைக் கீழறைகளுக்குக் கொடுத்து முடிக்க வேண்டாமா? அதற்காகத்தான். அதன்பின் மின்தூண்டல் நுண்ணிய இழைகளின் வழியே வெண்ட்ரிக்கிள்களுக்குள் பாய, அவை சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன.

நம் உடலில் உப்பு கலந்த நீர் நிறைந்திருப்பதால், இந்த மின்சாரத்தின் சிறு பங்கு தோல் வரை வந்து சேர்கிறது. அதன் அளவு ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட். டார்ச் விளக்கில் போடும் 1.5 வோல்ட் பாட்டரியோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் குறைவு! இவ்வளவு நுண்ணிய மின்சாரத்தை அளப்பது எப்படி என்பதுதான் அறிவியலறிஞர்களுக்கு முன் நின்ற கேள்வி.

ஒரு நாயும் ஒரு நூலும்

1887-ஆம் ஆண்டு இலண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலாகப் பதிவு செய்தார். அவரிடம் ஜிம்மி என்ற புல்டாக் நாய் இருந்தது. உப்பு நீர் நிறைந்த பாத்திரங்களில் கால்களை வைத்துக்கொண்டு ஜிம்மி அசையாமல் நிற்கும். அதன் இதயத் துடிப்பிற்கேற்பக் கருவியில் பாதரசம் ஏறி இறங்கும். 1909-ஆம் ஆண்டு இந்தக் காட்சி இலண்டன் ராயல் சொசைட்டியில் நடத்திக் காட்டப்பட்டபோது, இது விலங்கைத் துன்புறுத்துவது ஆகாதா என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்ததாம்! பாத்திரத்தில் இருந்தது வெறும் உப்பு நீர்தான் என்று விளக்கப்பட்டது. தம் கண்டுபிடிப்பு மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று வாலரே எதிர்பார்க்கவில்லை.

அதைப் பயன்பட வைத்தவர் வில்லெம் ஐந்தோவன். 1860-இல் ஜாவாத் தீவில் பிறந்து, ஹாலந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர் இவர். வலிமையான மின்காந்தத்தின் நடுவே, வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்ஸ் நூல் ஒன்றைத் தொங்கவிட்டார். இதயத்தின் மின்சாரம் நூலில் பாயும்போது நூல் அசையும். அதன் நிழலைப் பெரிதாக்கிப் படம் பிடித்தார். அந்தக் கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளியை அங்கே கொண்டுவர இயலாததால், 1905-இல் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே இதயத் துடிப்பைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார். கோட்டில் தோன்றும் மேடு பள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் அவரே. 1924-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அன்று ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த கருவி இன்று பள்ளிப்பையில் அடங்கிவிடுகிறது.

தாளை வாசிப்பது எப்படி?

ஈ.சி.ஜி. தாள் விநாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகர்கிறது. ஆகவே ஒரு மி.மீ. அகலமுள்ள சிறு கட்டம் 0.04 விநாடி, ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. உயரத்தில் 10 மி.மீ. என்பது ஒரு மில்லிவோல்ட். இரண்டு துடிப்புகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டங்கள் உள்ளன என்று எண்ணி, 300-ஐ அதனால் வகுத்தால் நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என்று தெரிந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75 துடிப்பு. நம் கணக்குப் பாடம் இதயத்திற்கும் உதவுகிறது, பாருங்கள்!

முதலில் வரும் சிறு மேடு பி அலை. இது ஆரிக்கிள்களுக்கு உரியது. அடுத்து ஊசிபோல் உயர்ந்து தாழ்வது க்யூ.ஆர்.எஸ்.; இது வெண்ட்ரிக்கிள்களில் மின்சாரம் பரவுவதைக் காட்டுகிறது. இறுதியில் வரும் வட்டமான மேடு டி அலை; வெண்ட்ரிக்கிள்கள் அடுத்த துடிப்பிற்குத் தம்மைத் தயார் செய்துகொள்வதை இது குறிக்கிறது.

இந்தக் கோடுகள் இயல்பிலிருந்து மாறும்போது அவை நோயின் அடையாளங்களாகின்றன. எஸ்.டி. பகுதி மேலே தூக்கி நின்றால், இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோனரி தமனி அடைபட்டிருக்கலாம். அதுவே மாரடைப்பு. க்யூ பள்ளம் ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால், அங்கே தசை முன்பே மடிந்து தழும்பாகிவிட்டது என்று பொருள்படலாம். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 1948-ஆம் ஆண்டு தொடங்கி 5,209 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுக்கு ஏற்பட்ட மாரடைப்புகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை, வழக்கமான பரிசோதனையில் எடுத்த ஈ.சி.ஜி.யால்தான் தெரியவந்தன என்று 1984-இல் அறிவித்தார்கள். வலியே இல்லாமல், அல்லது வாயுத் தொல்லை என்று எண்ணப்பட்டு, மாரடைப்பு வந்து போயிருக்கிறது!

இன்னும் மெல்லிய அடையாளங்களும் உண்டு. நெடுநாள் இரத்தக் கொதிப்பு உள்ளவரின் இடது வெண்ட்ரிக்கிள் சுவர், பாரம் தூக்குபவரின் புஜத்தைப் போலத் தடித்துவிடும். தடித்த தசையில் மின்சாரம் மிகுதி, ஊசிகள் உயரமாகும். மார்பின் இரு இடங்களில் எடுக்கப்படும் ஆழத்தையும் உயரத்தையும் கூட்டி, 35 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் இச்சுவர் தடித்திருக்கலாம் என்று 1949-இல் சோகோலோ, லையன் என்ற இரு மருத்துவர்கள் விதி வகுத்தனர். ஆயினும் மெலிந்த இளைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் நோயின்றியே இவ்வளவு உயரம் வரக்கூடும். ஆதலால் ஒரு கோட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதில்லை. ஓய்வு நேரத்தில் துடிப்பு விரைவாக இருப்பதும், க்யூ முதல் டி முடியும் வரையுள்ள நேரம் நீண்டிருப்பதும் மருத்துவர் கவனிக்கும் வேறு சில அடையாளங்கள்.

ஐந்து அளவுகளின் கூட்டு

இனி, இந்த அடையாளங்கள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடலில் நடப்பதைக் காண்போம். சிலருக்குச் சர்க்கரையும், இரத்தக் கொதிப்பும், இரத்தத்தில் கொழுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக, கைகோத்துக்கொண்டு வருவதை மருத்துவர்கள் நெடுநாளாகவே கவனித்து வந்தனர். இது தற்செயல் அன்று, இவற்றுக்கு ஒரே வேர் உண்டு என்று 1988-இல் அமெரிக்க அறிஞர் ஜெரால்டு ரீவன் எடுத்துரைத்தார். அந்த வேர், இன்சுலினுக்கு உடல் சரியாகக் கீழ்ப்படியாத நிலை. இன்று இக்கூட்டை மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பு என்கின்றனர்.

2009-இல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் கூடி ஐந்து அளவுகளை வகுத்தன. அவற்றில் மூன்று பொருந்தினாலே இந்நோய்த்தொகுப்பு உள்ளது எனக் கொள்ள வேண்டும். அவையாவன:

1. வயிற்றுச் சுற்றளவு: தெற்கு ஆசிய மக்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
2. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு: 150 மி.கி. அல்லது அதற்கு மேல்.
3. நன்மை செய்யும் எச்.டி.எல். கொழுப்பு: ஆண்களுக்கு 40 மி.கி.க்குக் கீழ், பெண்களுக்கு 50 மி.கி.க்குக் கீழ்.
4. இரத்த அழுத்தம்: மேல் அளவு 130 அல்லது கீழ் அளவு 85, அதற்கு மேல்.
5. வெறும் வயிற்றில் சர்க்கரை: 100 மி.கி. அல்லது அதற்கு மேல்.

மருந்து உட்கொண்டு இவற்றைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரும் இக்கணக்கில் சேர்வர். இந்நோய்த்தொகுப்பு உள்ளவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு இரு மடங்கு. நீரிழிவு வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு.

வயிறு பருப்பதற்கும் இதயத்திற்கும் என்ன தொடர்பு? கைகளிலும் தொடைகளிலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் அமைதியாக இருக்கும். குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்போ அப்படியன்று. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குச் செல்கின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக்கி இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினின் சொல்லையும் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து களைக்கிறது. மிகுந்த இன்சுலின், சிறுநீரகங்களை உப்பைத் தேக்கிவைக்கச் செய்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடிக்கிறது. தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. இவை யாவும் ஓசையின்றி நடக்கின்றன. வலி இல்லை, காய்ச்சல் இல்லை.

நார்மல் என்றால் நலம் என்று பொருளா?

இப்போது முன் சொன்ன ஈ.சி.ஜி. தாளுக்கு வருவோம். கட்டிலில் படுத்து ஓய்வாக இருக்கும் ஒருவரிடம் சில விநாடிகள் எடுப்பது அது. தமனி பாதிக்கு மேல் குறுகியிருந்தாலும், ஓய்வில் இருக்கும் இதயத்திற்குத் தேவையான இரத்தம் கிடைத்துவிடலாம். கோடும் ஒழுங்காகவே வரலாம். மாடி ஏறும்போதுதான் பற்றாக்குறை தெரியும். அதனால்தான் சிலரை டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். அது மட்டுமன்று. தமனியைப் பெரிதாக அடைக்காத சிறு கொழுப்புப் படிவும் ஒருநாள் திடீரென்று வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, மாரடைப்பை வரவழைக்கலாம். முதல்நாள் எடுத்த ஈ.சி.ஜி.யால் அதை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று. உடல் பருத்தவர்களுக்கு இதயத்திற்கும் தோலுக்கும் இடையே கொழுப்பு தடுப்புச்சுவர் போல் நிற்கிறது. அதனால் மின்னலைகள் தாளில் சிறுத்துத் தெரிகின்றன. இதயச் சுவர் தடித்திருந்தும் ஊசிகள் உயராமல் போகலாம்! எந்தக் கொழுப்பு தீமை செய்கிறதோ, அதே கொழுப்பு அத்தீமையைக் கருவியின் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது.

ஆகவே ஈ.சி.ஜி. பயனற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நெஞ்சுவலி வந்தவருக்கு முதல் பத்து நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அது உயிரைக் காக்கும் தாள். முதல் தாள் இயல்பாக இருந்தாலும் ஐயம் தீரும்வரை மீண்டும் எடுப்பார்கள், இரத்தத்தையும் சோதிப்பார்கள். ஈ.சி.ஜி. இன்றைய செய்தியைச் சொல்லும் செய்தித்தாள். வரப்போவதை அறிய அந்த ஐந்து அளவுகள் வேண்டும்.

நம் வீட்டுப் பெண்கள்

இந்த அளவுகள் நமக்கு ஏன் மிகவும் முக்கியம்? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்னும் பெரிய ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. அதை நடத்தியவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப். தெற்கு ஆசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, சராசரியாக 53 வயதில் வருகிறது என்பது அவ்வாய்வினால் தெரியவந்தது. நம் சென்னை நகரில் நடந்த ஆய்வொன்றில், பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்நோய்த்தொகுப்பு இருந்தது. நம்மவர் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் இயல்பு உடையவர்கள். அதனால்தான் நமக்கு அளவு குறைத்து வகுக்கப்பட்டுள்ளது.

மாரடைப்பு ஆண்களின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மாதவிலக்கு நின்ற பின் பெண்களுக்கும் அந்த ஆபத்து உயர்கிறது. பெண்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மையான அறிகுறி. ஆயினும் மூச்சுத்திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத பெருங்களைப்பு ஆகியவை அவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. "வேலைக் களைப்பு" என்றும் "வாயு" என்றும் சொல்லிப் பெருங்காயமும் சுக்குக் கஷாயமும் குடித்துப் படுத்துவிடுகிறார்கள். காலம் கடந்துவிடுகிறது.

இக்கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, தையல் வகுப்பிற்கு வாங்கிய இஞ்சு டேப்பால் என் தாயாரின் வயிற்றுச் சுற்றளவை அளந்து பார்த்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை மெல்ல வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். 91 செ.மீ. இருந்தது. "எனக்கென்ன, நன்றாகத்தானே நடமாடுகிறேன்?" என்று சிரித்தார்கள். தந்தையாருக்கு அலுவலகத்தில் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. தாயாருக்கு என் தம்பி பிறந்ததற்குப் பின் இரத்தப் பரிசோதனையே நடந்ததில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவர், பரிசோதனையிலும் கடைசியாகவே நிற்கிறார். "பரீட்சை முடியட்டும், போகலாம்" என்று இன்னும் நாள் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். நானும் விடுவதாக இல்லை.

நாம் செய்யக்கூடியவை

இந்நோய்த்தொகுப்பு தலையெழுத்து அன்று. நீரிழிவை நெருங்கிக்கொண்டிருந்த 531 பேரை வைத்து டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. விலை கொடுத்து வாங்க முடியாத மருந்து அல்லவா இது!

பெரியவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமாவது விரைந்து நடக்க வேண்டும். நம் வயதினர் நாள்தோறும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தேர்வு வருகிறதென்று விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பாக மாற்றக் கேட்கும் தோழியர் இதைக் கவனிக்கவும்! உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட்டில் வரும் சிப்ஸ் எல்லாம் இதில் அடங்கும். தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, கீரை, அவரை, சுண்டல், பயறு ஆகியவற்றைக் கூட்டலாம். குளிர்பானத்திற்குப் பதில் நீர்மோர் இருக்கிறது. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால், அதை விடச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெரிய செலவில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி சுகாதாரப் பணியாளர்கள் வீட்டிற்கே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் கதவைத் தட்டும்போது, "அவர் வேலைக்குப் போயிருக்கிறார், பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிடாமல், வீட்டிலிருக்கும் தாயாரும் பாட்டியாரும் கையை நீட்ட வேண்டும். யாருக்கேனும் நெஞ்சில் அழுத்தமோ, வியர்வையோடு கூடிய மூச்சுத்திணறலோ வந்தால் கஷாயம் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

முடிவுரை

ஐந்தோவனுக்கு ஓர் இதயத்தின் நிலையை அறிய 270 கிலோ கருவியும் ஐந்து ஆட்களும் தேவைப்பட்டனர். அன்புத் தோழியரே, நம் தாய் தந்தையரின் இதயத்திற்கு வரவிருக்கும் ஆபத்தின் முதல் அடையாளத்தை அறிய நமக்குத் தேவைப்படுவது ஓர் இஞ்சு டேப் மட்டுமே. அது நம் ஒவ்வொருவரின் தையல் பெட்டியிலும் இருக்கிறது. இந்த விடுமுறையில் அதை எடுத்து வீட்டிலுள்ள எல்லோரையும் அளந்து, எண்களை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வைப்போம். அளவு மீறியவரை, "பிறகு பார்க்கலாம்" என்று சொல்ல விடாமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். இதயம் கோடுகளால் எழுதி முறையிடும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.